வெப்பநிலையும் வினை வேகமும்: ரெக்கார்டு எழுதும்போது வரும் சந்தேகங்கள்

முதலாண்டு மாணவர்களின் வேதியியல் ரெக்கார்டு நோட்டுகள் திருத்தத்துக்கு என் மேசைக்கு வரும். வெப்பநிலை ஏறினால் வினை வேகம் எப்படி மாறுகிறது என்ற சோதனை முடிந்த வாரம் மட்டும் நோட்டோடு சேர்ந்து ஆட்களும் வருவார்கள். கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டபடியே எழுதிப் பதில் வைத்திருக்கிறேன்.

சோதனை எளிது. சோடியம் தயோசல்பேட் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும். கூம்புக் குடுவைக்கு அடியில் வைத்த வெள்ளைத்தாளில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறோம். எங்கள் அளவு, 0.05 மோலார் தயோசல்பேட் 50 மி.லி., 2 மோலார் அமிலம் 5 மி.லி.

கீழே உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவீடுகள்: 30, 35, 40, 45, 50 டிகிரி செல்சியஸில் முறையே 62, 46, 34, 26, 20 வினாடி. இவை கணக்குக் காட்ட நானே வைத்த எண்கள். இதே ஐந்து எண்களும் உங்கள் நோட்டில் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

மேடம், ரெக்கார்டுன்னா மேனுவல்ல இருக்கறதை நல்ல கையெழுத்துல எழுதறதுதானே?

இல்லை. மேனுவல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ரெக்கார்டு என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், நீங்கள் ஆய்வகத்துக்கு வந்ததற்கு நோட்டில் சாட்சியே இல்லை.

மேனுவலில் ‘20 டிகிரியில் தொடங்கவும்’ என்று இருக்கும். ஏப்ரல் மாதம் எங்கள் ஆய்வகத்தில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல். பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தீர்களா, இல்லை 30-இலிருந்தே தொடங்கினீர்களா? இரண்டுமே சரிதான், எதுவோ அதை எழுதுங்கள். பனிக்கட்டியையே பார்க்காமல் 20 டிகிரி என்று எழுதிய நோட்டுகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

நோக்கம் எத்தனை வரி எழுதணும்?

ஒரு வரி போதும். ஆனால் அதில் எதை மாற்றினீர்கள், எதை அளந்தீர்கள், எதை மாறாமல் வைத்தீர்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘வினை வேகத்தை ஆராய்தல்’ என்பது நோக்கம் ஆகாது, அது பாடத்தின் பெயர். ‘செறிவுகளை மாற்றாமல், 30 முதல் 50 டிகிரி வரை வெப்பநிலையை மாற்றி, தயோசல்பேட்–அமில வினையின் வேகம் எப்படி மாறுகிறது என்று கண்டு, கிளர்வு ஆற்றலைக் கணக்கிடுதல்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. (வினை நடக்க மோதலில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்தான் கிளர்வு ஆற்றல்.)

கொள்கை பகுதியை ரெண்டு பக்கம் எழுதினா மார்க் கூடுமா?

கூடாது. பின்னால் எதைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். சமன்பாடு ஒன்று: தயோசல்பேட்டும் அமிலமும் சேர்ந்து சோடியம் குளோரைடு, கந்தகம், கந்தக டையாக்சைடு, நீர் தருகின்றன. அப்புறம், நேரத்தின் தலைகீழை ஏன் வேகமாக எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு மூன்று வரி. கடைசியாக, வெப்பநிலையோடு வினை வேகம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாடு. அவ்வளவுதான்.

அர்ஹீனியஸின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். எழுதியே தீர வேண்டும் என்றால் சரியாக எழுதுங்கள். கரும்புச் சர்க்கரை அமிலத்தில் பிரியும் வேகத்தைப் பற்றிய கட்டுரையில் அவர் இதை விளக்கியது 1889-இல். அதற்கு முன் 1884-இலேயே வான்ட் ஹாஃப் இதே வடிவத்தை எட்டியிருந்தார். 1903-இல் அர்ஹீனியஸ் வாங்கிய நோபல் பரிசு இதற்காக அல்ல, மின்பகுளிகள் கரைசலில் அயனிகளாகப் பிரிவதைப் பற்றிய கோட்பாட்டுக்காக. பாதி நோட்டுகளில் இது தப்பாகத்தான் வருகிறது.

செய்முறையில ‘எடுத்துக் கொள்ளவும்’னு எழுதறதா, ‘எடுத்துக் கொள்ளப்பட்டது’னா, ‘எடுத்தோம்’னா?

‘எடுத்துக் கொள்ளவும்’ நிச்சயம் கூடாது. அது மேனுவலின் குரல், அடுத்தவருக்கு இடும் கட்டளை. மற்ற இரண்டில் எனக்குப் பிடித்தது ‘எடுத்தோம்’. தமிழில் ‘ப்பட்டது’ என்று பத்து வாக்கியம் தொடர்ந்து வந்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். சில ஆசிரியர்கள் ‘ப்பட்டது’தான் வேண்டும் என்பார்கள். உங்கள் ஆசிரியர் அப்படிக் கேட்டால் அப்படியே எழுதுங்கள், இதற்காக யாரிடமும் வாதாட வேண்டாம். எதை எடுத்தாலும் நோட்டு முழுக்க அதுவே இருக்கட்டும்.

குரலைவிட முக்கியம், எண்கள் இருக்கிறதா என்பது. ‘சிறிதளவு அமிலம் சேர்த்தோம்’ என்று எழுதினால் அதைப் படித்துவிட்டு யாராலும் திரும்பச் செய்ய முடியாது. எத்தனை மி.லி., எந்தச் செறிவு, பிப்பெட்டால் அளந்தீர்களா அளவுசாடியாலா, எல்லா முறையும் அதே குடுவையா, குறியைப் பார்த்தது ஒரே ஆளா. கடைசி இரண்டும் அற்பமாகத் தெரியும். ஆனால் குடுவை அகலமானால் கரைசலின் ஆழம் குறையும், குறி மறைய அதிகக் கந்தகம் வேண்டும், நேரம் நீளும். ஆள் மாறினால் கண் மாறும்.

நான் அளந்தது நேரம். வேகம்னு எப்படி எழுதறது?

எல்லா முறையும் குறி மறையும்போது கரைசலில் இருக்கும் கந்தகம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே தூரத்தை ஒருவர் 62 வினாடியிலும் இன்னொருவர் 20 வினாடியிலும் கடந்தால் யார் வேகம் என்று சொல்ல அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை. அதுபோலத்தான் இதுவும். வேகம் நேரத்துக்கு எதிர்விகிதம், ஆகவே 1-ஐ நேரத்தால் வகுத்ததை வேகத்தின் அளவுகோலாக வைக்கிறோம்.

எண்கள் மிகச் சிறியதாக வருவதால் 1000-ஐ நேரத்தால் வகுப்பது வசதி. என் உதாரணத்தில் 16.1, 21.7, 29.4, 38.5, 50.0 என்று வரும். அட்டவணைத் தலைப்பில் ‘1000/நேரம்’ என்றே போடுங்கள். ‘வினை வேகம்’ என்று மட்டும் போட்டு, லிட்டருக்கு இத்தனை மோல் என்று அலகு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை அளக்கவே இல்லை.

ஸ்டாப்வாட்ச்ல 34.27னு காட்டுச்சு. அப்படியே எழுதட்டுமா?

அப்சர்வேஷன் நோட்டில் காட்டியதை அப்படியே குறியுங்கள். ரெக்கார்டு அட்டவணையில் 34 போதும். ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு வினாடியைக் காட்டலாம், ‘மறைந்துவிட்டதா, இன்னும் லேசாகத் தெரிகிறதா’ என்று உங்கள் கண் தடுமாறுவதே ஒரு வினாடி. 34.27 என்று எழுதினால் அந்தத் தடுமாற்றமே இல்லை என்று சொல்வதாக ஆகும்.

எந்த வெப்பநிலையை எழுதறது? வாட்டர் பாத்தோடதா, குடுவைக்குள்ள இருக்கறதா?

இந்தச் சோதனையில் தப்பு நடக்கும் இடங்களில் முதலிடம் இதற்குத்தான். எழுத வேண்டியது கலவையின் வெப்பநிலை, அதாவது அமிலம் சேர்ந்த பிறகு குடுவைக்குள் இருப்பது. வாட்டர் பாத், அதாவது குடுவையைச் சூடாக்கும் வெந்நீர்த் தொட்டி, 50 காட்டும், தயோசல்பேட்டும் 50-க்கு வந்திருக்கும். மேசையில் 30 டிகிரியில் இருந்த 5 மி.லி. அமிலத்தை அதில் ஊற்றியதும் கலவை 48 சொச்சத்துக்கு இறங்கிவிடும். 50 மி.லி. சூடும் 5 மி.லி. சூடும் சேர்ந்தால் என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 48.2 வரும்.

இரண்டு டிகிரிதானே என்று விட முடியாது. உண்மையில் 48.2-இல் 20 வினாடி ஆனதை 50 என்று எழுதிவிட்டால், 50 கிலோஜூல் வர வேண்டிய கிளர்வு ஆற்றல் 46-ஆக இறங்கிவிடும். இதைத் தடுக்க வழி, அமிலம் இருக்கும் சோதனைக் குழாயையும் அதே வாட்டர் பாத்தில் வைத்துச் சூடாக்குவது. அதோடு தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலை பார்த்துச் சராசரி எழுதுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்பதைச் செய்முறையில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரு ரீடிங் மட்டும் ஒத்துவரலை. விட்டுடலாமா?

விடக் கூடாது, திருத்தவும் கூடாது. அட்டவணையில் அது இருக்கட்டும். வரைபடத்தில் புள்ளியாக வைத்து, வட்டமிட்டு, கோட்டில் சேர்க்கவில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள். காரணம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ‘குடுவையில் முந்தைய முறையின் கந்தகம் ஒட்டியிருந்தது, சரியாகக் கழுவவில்லை’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. நேரம் இருந்தால் அந்த வெப்பநிலையில் மறுபடி செய்துவிடுவது இன்னும் நல்லது.

ஐந்து புள்ளியும் அடிமட்டம் வைத்ததுபோல ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கும் நோட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கிராஃப்ல புள்ளிகளை ஸ்கேல் வச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்க்கணுமா?

வேண்டாம். முதல் வரைபடம், கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் 1000/நேரம். இது வளைகோடு. என் எண்களில் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஏற்றம் 5.6, 7.7, 9.1, 11.5 என்று கூடிக்கொண்டே போகிறது. புள்ளிகளுக்கு நடுவே கையால் வழுவழுப்பாக ஒரு வளைவு போடுங்கள்.

அந்த வளைவைப் பூஜ்யத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பூஜ்யம் டிகிரி செல்சியஸில் வினை நின்றுவிடாது, மெதுவாக நடக்கும். செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம், அவ்வளவே. 30-க்குக் கீழே நீங்கள் எதையும் அளக்கவில்லை என்றால் கோடும் 30-இலேயே தொடங்கட்டும்.

வெப்பநிலை ஏறினா மூலக்கூறுகள் வேகமா ஓடி அதிகமா மோதுது, அதனால வேகம் கூடுது. இது போதாதா?

பத்தாம் வகுப்புக்குப் போதும். இங்கே போதாது, ஏனென்றால் உங்கள் எண்களே அதை ஏற்காது. வாயுக்களின் இயக்கவியல் கொள்கைப்படி மூலக்கூறுகளின் சராசரி வேகம், கெல்வினில் உள்ள வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. 303 கெல்வினிலிருந்து 313-க்குப் போனால் அது ஏறத்தாழ 1.6 விழுக்காடுதான் கூடும். கரைசலில் கதை கொஞ்சம் வேறு என்றாலும், மோதல் எண்ணிக்கை மட்டும் இதை விளக்காது. என் உதாரணத்தில் அதே 10 டிகிரிக்கு 62 வினாடி 34 ஆகியிருக்கிறது, வேகம் 82 விழுக்காடு கூடியிருக்கிறது.

மிச்சத்தை விளக்குவது கிளர்வு ஆற்றல். மோதினால் போதாது, குறிப்பிட்ட அளவு ஆற்றலோடு மோத வேண்டும். கிளர்வு ஆற்றல் 46 கிலோஜூல் என்று வைத்தால், அர்ஹீனியஸ் சமன்பாட்டின் அடுக்குப் பகுதி, அதாவது அந்த அளவு ஆற்றலோடு நடக்கும் மோதல்களின் பங்கு, 303 கெல்வினில் ஏறத்தாழ 8.5 கோடியில் ஒன்று. 313-இல் ஏறத்தாழ 4.8 கோடியில் ஒன்று. தடையைத் தாண்டக்கூடியவை எப்போதும் மிகச் சில, வெப்பநிலை சற்றே ஏறினாலும் அந்தச் சில கிட்டத்தட்ட இரட்டிப்பாகின்றன. விவாதப் பகுதியில் இதை எழுதுங்கள், உங்கள் சொந்த எண்களைப் போட்டு.

10 டிகிரிக்கு வேகம் ரெண்டு மடங்குன்னு படிச்சோம். எனக்கு 1.8, 1.7னு வருது. தப்பா?

தப்பில்லை. இரண்டு மடங்கு என்பது விதி அல்ல, பல வினைகளுக்குச் சுமாராகப் பொருந்தும் ஒரு கைக்கணக்கு. 300-இலிருந்து 310 கெல்வினுக்குச் சரியாக இரண்டு மடங்கு வர வேண்டுமானால் கிளர்வு ஆற்றல் 53.6 கிலோஜூல் இருக்க வேண்டும். உங்கள் வினைக்கு அதைவிடக் குறைவு என்றால் மடங்கும் குறையும்.

என் உதாரணத்தில் 30-இலிருந்து 40-க்கு 1.8 மடங்கு, 40-இலிருந்து 50-க்கு 1.7. இப்படி மேலே போகப் போக மடங்கு குறைவதும் அர்ஹீனியஸ் சமன்பாடு சொல்வதுதான். ‘இரண்டு மடங்கு வந்தது, கொள்கை நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதுகிறவர்கள் தங்கள் அட்டவணையைத் திரும்பப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கிளர்வு ஆற்றலை எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒவ்வொரு தடவையும் வேற வேற விடை வருது.

இரண்டாவது வரைபடம். கிடை அச்சில் 1/வெப்பநிலை, கெல்வினில். செங்குத்து அச்சில் 1/நேரத்தின் இயல் மடக்கை. இது நேர்கோடு, கீழ்நோக்கிச் சாயும். சாய்வை வாயு மாறிலியான 8.314-ஆல் பெருக்கி, எதிர்க்குறியை நீக்கினால் கிளர்வு ஆற்றல், மோலுக்கு இத்தனை ஜூல் என்று கிடைக்கும். என் எண்களில் 30 டிகிரியில் மடக்கை −4.127, 50-இல் −2.996. வித்தியாசம் 1.131. 1/303-க்கும் 1/323-க்கும் வித்தியாசம் 0.000204. சாய்வு −5540 கெல்வின் அளவில் வரும், விடை ஏறத்தாழ 46 கிலோஜூல். இங்கே சுருக்கத்துக்காக இரு முனைப் புள்ளிகளை எடுத்தேன். நீங்கள் ஐந்து புள்ளிகளுக்கும் நடுவே கோடு போட்டு, கோட்டின் மேல் தள்ளித் தள்ளி இரண்டு இடங்களை எடுத்துச் சாய்வு காணுங்கள்.

விடை விநோதமாக வந்தால் அதுவே தப்பு எங்கே என்று சொல்லிவிடும். 0.7 வந்தால் கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியஸிலேயே தலைகீழ் எடுத்துவிட்டீர்கள். 20 வந்தால் பத்தடிமான மடக்கையைப் போட்டு 2.303-ஆல் பெருக்க மறந்துவிட்டீர்கள். 46,000 கிலோஜூல் என்று வந்தால் ஜூலைக் கிலோஜூலாக மாற்றவில்லை. எதிர்க்குறியோடு வந்தால் சாய்வின் குறியைக் கவனிக்கவில்லை.

அர்ஹீனியஸ் சமன்பாட்டுல இருக்கறது வேக மாறிலி. நாம போடறது 1/நேரம். ரெண்டும் ஒண்ணா?

நல்ல கேள்வி, வருடத்துக்கு ஒருவர்தான் கேட்கிறார். ஒன்றல்ல. வேக மாறிலி செறிவைச் சாராதது, வெப்பநிலை மாறினால் மாறும். ஆனால் எல்லா முறையும் செறிவு, கொள்ளளவு, மறைக்க வேண்டிய கந்தகம் மூன்றும் ஒன்றே என்பதால் 1/நேரம் வேக மாறிலிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மடக்கை எடுக்கும்போது அந்த விகித மாறிலி ஒரு கூட்டல் எண்ணாகப் பிரிந்து, கோட்டை மொத்தமாக மேலோ கீழோ நகர்த்தும். சாய்வைத் தொடாது. அதனால் கிளர்வு ஆற்றல் சரியாகவே வரும்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தை எடுத்து அர்ஹீனியஸ் சமன்பாட்டில் அடுக்குப் பகுதிக்கு முன்னால் வரும் ‘அதிர்வெண் காரணி’ என்று எழுதாதீர்கள். அந்த விகித மாறிலி அதில்தான் கலந்திருக்கிறது.

பிழைகள் பகுதியில ‘மனிதத் தவறு’னு எழுதினா ஏன் அடிக்கறீங்க?

அதில் எந்தத் தகவலும் இல்லை என்பதால். என்ன தவறு, எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு என்று எழுதுங்கள். குறி மறைவதை முடிவு செய்வதில் ஒரு வினாடி தடுமாற்றம் என்றால் 62 வினாடியில் அது 1.6 விழுக்காடு, 20 வினாடியில் 5 விழுக்காடு. ஆகவே சூடான முனையின் புள்ளியைத்தான் குறைவாக நம்ப வேண்டும். அந்த 5 விழுக்காடு கிளர்வு ஆற்றலை இரண்டு கிலோஜூல் அளவுக்கு ஆட்டும். 46 என்பதற்குப் பதில் ‘46, இரண்டு கூடவோ குறையவோ’ என்று எழுத இப்போது உங்களிடம் காரணம் இருக்கிறது.

இது இரு பக்கமும் ஆடும் பிழை, திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுத்தால் குறையும். வெப்பநிலை பற்றி முன்னால் சொன்னது அப்படியல்ல, எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். பத்து தடவை செய்தாலும் போகாது.

பாதுகாப்புன்னு ஒரு பகுதி வேணுமா? தண்ணி மாதிரிதானே இருக்கு.

வேண்டும், இரண்டு மூன்று வரி. வெளிவருவது கந்தக டையாக்சைடு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சூடாக்கச் சூடாக்கக் கரைசலை விட்டு வேகமாக வெளியேறும் என்பதால்தான் 50-க்கு மேல் போக வேண்டாம் என்கிறோம். ஜன்னல் திறந்திருந்ததா, குறி மறைந்ததும் கரைசலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் ஊற்றினீர்களா என்பதை எழுதுங்கள். ‘முகமூடி, கையுறை, கண்ணாடி அணிந்தோம்’ என்று பொதுவாக எழுதும் வழக்கம் இருக்கிறது. கையுறை யாரும் போடவில்லை, நானும் அங்கேதான் இருந்தேன்.

ஒரே பெஞ்ச்ல நாலு பேருக்கு 41, 46, 48, 53. யாரோடது சரி?

விடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 41 வந்தவர் அமிலத்தைச் சூடாக்காமல் ஊற்றிவிட்டு வாட்டர் பாத் காட்டியதை எழுதியிருக்கலாம். 53 வந்தவர் 50 டிகிரியில் மட்டும் குறி முழுக்க மறையும் முன்பே ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியிருக்கலாம். 46-உம் 48-உம் இரண்டு கிலோஜூல் பிழைக்குள் ஒரே விடைதான்.

நாலு நோட்டையும் கொண்டு வாருங்கள். முடிவுப் பக்கத்தைப் பிறகு பார்க்கிறேன், முதலில் செய்முறைப் பக்கத்தில் அமிலத்தின் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்று காட்டுங்கள்.